விமானப் பயிற்சியில் வசவும் அடியும்: கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது?

செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் இரண்டே இருக்கைகள். இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் பயிற்சியாளர். தோளோடு தோள் உரசும் அந்த இடத்தில், "உனக்கெல்லாம் யாருடா லைசென்ஸ் கொடுப்பான்?" என்று ஹெட்செட்டுக்குள் ஒரு மணி நேரம் வசவு விழுந்தால் மாணவர் என்ன செய்வார்? எழுந்து வெளியே போக முடியாது. சாட்சி சொல்லவும் ஆள் இல்லை.

ஏன் வாய் திறப்பதில்லை?

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு அரைக் கோடி ரூபாயைச் சுலபமாகத் தாண்டும். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோரிடம் "சார் அடிக்கிறாரு" என்று சொல்ல பலருக்கு மனம் வராது. அதோடு, தனியாகப் பறக்க அனுமதி தருவதும் பதிவேட்டில் கையெழுத்திடுவதும் பயிற்சி தருபவர்கள்தான். பகைத்துக்கொண்டால் பயிற்சி இழுத்துக்கொண்டே போகும் என்ற பயம் இருக்கிறது.

எது கண்டிப்பு, எது கொடுமை?

தரையிறங்கும் கடைசி நொடிகளில் விமானம் தடுமாறினால் பயிற்சியாளர் கத்தத்தான் செய்வார். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று கட்டுப்பாட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்வார். அது அவர் கடமை. இறங்கிய பிறகு, "வேகம் குறைஞ்சதை நீ கவனிக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்வதும் பயிற்சிதான்.

கையில் அடிப்பது, உடலையும் ஊரையும் ஆங்கில உச்சரிப்பையும் கேலி செய்வது, "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மிரட்டுவது எல்லாம் வேறு. தவறைச் சொன்னால் கண்டிப்பு. ஆளையே தவறாகச் சொன்னால் கொடுமை. திட்டு வாங்கியபின், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று மாணவருக்குத் தெரியாவிட்டால், அங்கே பாடம் நடக்கவில்லை.

இது பாதுகாப்புப் பிரச்சினை

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கிய கே.எல்.எம். விமானத்தின் கேப்டன், அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். கேப்டன் அடித்துச் சொன்னதும் அவர் அடங்கிவிட்டார்.

2010-ல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்திலும், "மேலே ஏறிவிடலாம்" என்று துணை விமானி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை.

மூத்தவர் தவறு செய்தாலும் இளையவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே சி.ஆர்.எம். என்ற பயிற்சி உலகெங்கும் வந்தது. முதல் ஐம்பது மணி நேரத்தில் வாயை மூடிக்கொள்ளப் பழகிய மாணவர், பின்னாளில் 180 பயணிகளுடன் பறக்கும்போது எப்படி வாய் திறப்பார்?

என்ன செய்யலாம்?

*முதலில், குறித்து வையுங்கள்.* தேதி, விமான எண், என்ன பயிற்சி, சொன்ன வார்த்தைகள் என எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். பறந்த நேரத்துக்கான பதிவையும் கையெழுத்தையும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

*தரையில் பேசுங்கள்.* "சார், சத்தம் போட்டா எனக்குக் கவனம் சிதறுது. தப்பை மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று சொன்னாலே சிலர் மாறிவிடுவார்கள். தாங்களும் இப்படியே கற்றதால், இதுதான் முறை என்று நினைப்பவர்களும் உண்டு.

*மறுக்கத் தயங்காதீர்கள்.* பறக்கும் முன் விமானி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் 'ஐ ஆம் சேஃப்' பட்டியலில் நோய், தூக்கமின்மையோடு மன அழுத்தமும் உண்டு. கை நடுங்கும் நிலையில் "இன்று பறக்கவில்லை" என்பது கோழைத்தனம் அல்ல, விமானிக்குரிய முடிவு.

*எழுத்தில் கேளுங்கள்.* வேறு பயிற்சியாளர் வேண்டும் என்று தலைமைப் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "அவர் மோசமானவர்" என்பதைவிட, "இந்தத் தேதியில் தரையிறங்கும்போது கையில் அடித்ததால் கட்டுப்பாடு நழுவியது" என்பதற்கு எடை அதிகம். நகலைப் பாதுகாப்பு மேலாளருக்கும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வை அணுகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவின்கீழ் குற்றம். ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மாணவிகளிடம் பாலியல் சீண்டல் என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதங்களுக்குள் உள் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை நாடலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. போனில் "எத்தனை மணி நேரம் முடிஞ்சது?" என்று மட்டும் கேட்காமல், "யார்கூடப் பறக்குற, எப்படிச் சொல்லித் தர்றாரு?" என்றும் கேட்கலாம்.