லீவு விட்டால் எங்கே போவாள்?

"அக்கா, லீவு விட்டால் எல்லாரும் வீட்டை போவினம். நான் எங்கை போறது?"

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள். 2009இல் வன்னியில் தாய் தகப்பனை இழந்தபோது அவளுக்கு நான்கு வயது. சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவள்.

எமது நாட்டில் இல்லப் பராமரிப்பு பொதுவாக 18 வயதோடு முடிந்துவிடுகிறது. உயர்தரப் பரீட்சை வருவதே பெரும்பாலும் 18, 19 வயதில்தான். பின்னர் பெறுபேறு, இசட் புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆதரவு மிகவும் தேவைப்படும் காலத்தில் பிள்ளை தனித்து விடப்படுகிறாள். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே!

2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள், பராமரிப்பிலிருந்து வெளியேறும் பிள்ளைக்குத் தொடர்ந்து துணை இருக்கவேண்டும் என்கின்றன. அந்தத் துணையாக நாமும் இருக்கலாம்.

அவளை எங்கள் பெண்கள் குழுவுக்கு அழைத்தேன். தயங்கினாள். "உதவி செய்யிற ஆக்கள் வந்தால் என்னை எழுப்பிக் கதை சொல்ல விடுவினம். அழுதால் படம் எடுப்பினம். எனக்கு அது வெறுத்துப்போச்சு" என்றாள். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கணவரை இழந்த பெண்கள் தங்கள் கதைகளைச் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கூட்டத்தில் தானாகவே வாய் திறந்தாள். ஷெல்லடியைப் பற்றி அல்ல. "இல்லத்திலை பெரிய கிடாரத்திலைதான் சமையல். ஒராளுக்கு அளவாச் சோறு காய்ச்ச எனக்குத் தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். "சனிக்கிழமை வீட்டை வா பிள்ளை, காட்டித் தாறன்" என்றார் ஓர் அம்மா. இப்போது விடுமுறைக்கு அவள் போவது அந்த வீட்டுக்குத்தான்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படியான பிள்ளைகள் இருக்கலாம். அவர்களிடம் கதையைத் தோண்டாதீர்கள். சொன்னால் கேளுங்கள், வெளியே கொண்டு செல்லாதீர்கள். பரீட்சைக் காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். விண்ணப்பப் படிவங்களுக்குக் கிராம அலுவலரிடம் கூடச் செல்லுங்கள். பொங்கலுக்கு ஒரு தட்டு கூடுதலாக வையுங்கள். இழப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளும் நம்மிடம் அதை விளக்க வேண்டியதில்லை.