அறிதுயில்

திருவரங்கத்துப் பெருமாளை முதன்முதலில் நான் பார்த்தது பாட்டியின் இடுப்பளவு உயரத்தில் இருந்தபோது. "தூங்குற சாமி நம்மள எப்படிப் பாட்டி காப்பாத்தும்?" என்று கேட்டேன். "அது தூக்கமில்லடா கண்ணு, அறிதுயில்" என்றார். உறங்குவதுபோல் கிடந்தபடியே எல்லாவற்றையும் அறிந்து உலகை நடத்துகிற துயில். அதற்கென்றே தமிழ் ஒரு சொல் வைத்திருக்கிறது. அந்த வயதில் சொல்தான் மனதில் நின்றது, பொருள் பிடிபடவில்லை. மூளையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மெல்லத் திறந்தது.

அந்தப் பெருமாளைப் போல நம் மூளையும் நீரின் மேல்தான் பள்ளிகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள அந்த மென்மையான உறுப்பு, மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது. மிதப்பதால் அதன் பாரம் சுமார் 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இல்லையென்றால் தன் கனமே அதை நசுக்கிவிடும். எந்த நேரத்திலும் இருப்பது ஏறத்தாழ 150 மில்லி திரவம். ஆனால் ஒரு நாளைக்குச் சுரப்பதோ சுமார் 500 மில்லி. பழையது வடிந்து புதியது ஊறியபடியே, நாளுக்கு மூன்று முறைக்கு மேல் முழுவதும் மாறிவிடுகிறது. ஏந்திக்கொள்ள மட்டும்தான் என்றால், இத்தனை புதுநீர் எதற்கு?

உடலின் எடையில் மூளை 2 சதவீதம்தான். உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அத்தனை அடுப்பு எரியும் இடத்தில் சாம்பல் விழாமல் இருக்குமா? அமிலாய்டு-பீட்டா என்ற புரதத் துணுக்கு அப்படி விழுவதில் ஒன்று. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிந்து கிடப்பது அதுதான். கை, கால், குடல் எங்கும் திசுக்களுக்குள் ஓடிக் கழிவை வாரிச் செல்ல நிணநீர் நாளங்கள் உண்டு. மூளைத் திசுவுக்குள் அவை இல்லை. அப்படியானால் அங்கே கூட்டிப் பெருக்குவது யார்?

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைகன் நெடர்கார்டின் குழு 2012-இல் ஒரு வழியைக் காட்டியது. மூளைக்குள் இறங்கும் தமனிகளைச் சுற்றி ஓர் உறைபோல மெல்லிய இடைவெளி இருக்கிறது. திரவம் அதன் வழியே உள்ளே இறங்குகிறது. நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் தம் பாதங்களால் அந்த உறையைப் போர்த்தியிருக்கின்றன. அந்தப் பாதங்களில் அக்வாபோரின்-4 எனும் நுண்ணிய நீர்வாசல்கள். திரவம் நரம்புச் செல்களின் நடுவே கசிந்து, அழுக்கைக் கழுவி, சிரைகளின் ஓரமாக வெளியேறுகிறது.

என்னை உட்கார்ந்த இடத்திலேயே கைகூப்ப வைத்தது 2013-இல் அதே குழு கண்டது. எலிகள் விழித்திருக்கையில் செல்களுக்கு இடையிலான வெளி, மூளையின் கொள்ளளவில் 14 சதவீதம். உறங்கியதும் 23 சதவீதத்துக்கு விரிந்தது. அமிலாய்டு இரண்டு மடங்கு வேகமாக வெளியேறியது. விழிப்பை முறுக்கிப் பிடித்திருக்கும் நார்அட்ரினலின் இறங்கியதும், நெருக்கியடித்து நின்ற செல்களுக்கிடையே தண்ணீருக்கு வழி திறக்கிறது. கருவறையைக் கழுவும்போது நடை சாத்திவிடுவார்கள் அல்லவா, அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உள்ளே வேலை நடக்கிறது. வெளியே நமக்குக் கதவு மட்டும் தெரிகிறது.

மனிதரிடமும் அந்த நீரோட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் லாரா லூயிஸும் உடனிருந்தவர்களும், எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே ஆட்களைத் தூங்கவைத்துப் படம்பிடித்தார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் முதலில் நரம்புச் செல்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கணம் அடங்குகின்றன. உடனே மூளையில் ரத்தத்தின் அளவு சற்றுக் குறைகிறது. அந்த வெற்றிடத்துக்குள் திரவம் அலையாகப் பாய்கிறது. ஏறக்குறைய 20 விநாடிக்கு ஓர் அலை.

உறக்கத்தில்தான் இந்தக் கழுவல் மிகுகிறதா என்ற வாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் எலிகளில் நேர்மாறான முடிவை வெளியிட்டார்கள். அதனால் என் வியப்பு குறையவில்லை. ஆராயும்தோறும் இன்னொரு கதவு வைத்திருக்கிற படைப்பு இது.

ஆனால் உறக்கம் கெட்டால் மூளை தாங்காது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரே ஓர் இரவு கண்விழித்த நலமான மனிதர்களின் மூளையில் அமிலாய்டு கூடியிருந்ததை 2018-இல் படமெடுத்துக் காட்டினார்கள். பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 50, 60 வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. இது காரணம் என்று அறுதியிட்டதல்ல, தொடர்புதான். இருந்தும், "நாலு மணி நேரம் தூங்கினா போதும் எனக்கு" என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போது வயிற்றைப் பிசைகிறது. பொதுத்தேர்வுக்கு முந்தைய இரவில் பிள்ளைக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து விழிக்கவைக்கும் அம்மாக்களையும் நினைத்துக்கொள்கிறேன். பகலில் ஓடிய பாதையை, உறங்கும் எலியின் மூளையில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் செல்கள் திரும்ப ஓட்டிப் பார்ப்பதை 1994-லேயே கண்டிருக்கிறார்கள். படித்தது பதியும் வேளையைத்தானே நாம் பிள்ளையிடமிருந்து பறிக்கிறோம்!

உறக்கம் வேண்டாத ஒன்றாக இருந்திருந்தால், அதனால் ஆபத்துக்கு ஆளாகும் உயிர்களாவது அதைக் கைவிட்டிருக்கும். டால்பின் முழுதாக உறங்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாது. அதற்கு ஒரு பாதி மூளை உறங்க, மறுபாதி காவலிருக்கும் வரம் கிடைத்திருக்கிறது. கலாபகஸ் தீவுகளின் ஃபிரிகேட் பறவை, கடல்மேல் நாள்கணக்கில் பறந்தபடியே தூங்குகிறது. சராசரியாக நாளைக்கு 42 நிமிடம்தான், ஆனாலும் அதை விடவில்லை.

கசியோப்பியா என்ற ஜெல்லி மீனுக்கோ மூளையே கிடையாது. ஆழமில்லாத கடற்தரையில் மல்லாந்து கிடந்து, குடையை விரித்துச் சுருக்கித் துடித்துக்கொண்டிருக்கும். இரவானால் அந்தத் துடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அப்போது கீழேயுள்ள பிடிமானத்தை விலக்கினால், ஒரு நொடி திகைத்துத்தான் நீந்தத் தொடங்குகிறது. இரவில் தண்ணீரைப் பீய்ச்சித் தூங்கவிடாமல் செய்தால், மறுநாள் சோர்ந்து கிடக்கிறது. இதை 2017-இல் கலிபோர்னியாவில் கண்டார்கள். மூளை என்று ஒன்று உருவாகும் முன்பே உறக்கம் இருந்திருக்க வேண்டும். கடலில், நீருக்குள், மல்லாந்து கிடந்த ஏதோ ஓர் உயிரிடம்.