பெருங்குடலையே எடுத்துட்டா குழந்தை எப்படி இருக்கும்?

‘பெருங்குடலையே எடுத்துடணும்’னு டாக்டர் சொன்னா எந்தப் பெற்றோரும் ஆடிப்போவாங்க. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் குடலின் உட்சுவர் புண்ணாகி, மலத்தோடு ரத்தம் போகும். மருந்துகள் கைகொடுக்காதபோது, அல்லது ஸ்டீராய்டை நிறுத்தவே முடியாமல் வளர்ச்சி தடைப்படும்போதுதான் ஆபரேஷன்.

பெருங்குடல், மலக்குடலை அகற்றி, சிறுகுடலின் கடைசிப் பகுதியை ‘ஜே’ வடிவில் மடித்துப் பைபோல் தைத்து ஆசனவாயோடு இணைக்கிறார்கள். 1978-ல் லண்டனின் பார்க்ஸ், நிக்கல்ஸ் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. பெரும்பாலும் இரண்டு, மூன்று கட்டங்கள். இடையில் சில மாதங்கள் வயிற்றின் மேல் ஒட்டிய பையில் மலம் சேரும். ஸ்கூல் போகும் பிள்ளைக்கு இதுதான் கஷ்டமான காலம்.

அப்புறம் எல்லாம் நார்மலா? முழுசா இல்லை. தினமும் நாலைந்து தடவையாவது டாய்லெட் போகணும். உள்ளே தைத்த குடல்பையில் அழற்சி வரலாம். பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கில் அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு நின்றதும், பருவ வளர்ச்சி முடியாத பிள்ளை மறுபடி உயரத் தொடங்கும்.