ஒளிக்கும் ஓர் அளவு உண்டு

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவோர், ஒரே பயணத்தில் இருவேறு இரவுகளைக் காணலாம். மலையில் குடியிருப்பைக் கடந்ததும் இருள் சூழ்ந்துவிடுகிறது; விண்மீன்கள் துலக்கமாகத் தெரிகின்றன. கோமுகி அணையைத் தாண்டிச் சமவெளியை நெருங்க நெருங்க வானம் வெளிறுகிறது. நகருக்குள் விளம்பரப் பலகைகளும், எல்.இ.டி. விளக்குகளும், எதிர்வரும் வாகனங்களின் முகப்பு விளக்குகளும் கண்ணைக் கூசச் செய்கின்றன. மேலே பற்றாக்குறை, கீழே மிகை. இரண்டுமே கேடுதான்.

ஒளி எவ்வாறு மலிந்தது என்பதைப் பொருளாதார அறிஞர் வில்லியம் நோர்தாஸ் ஆராய்ந்தார். 2018-இல் நோபல் பரிசு பெற்ற அவர், குறிப்பிட்ட அளவு ஒளியைப் பெற மனிதன் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்று கணக்கிட்டு, அந்த விலை வரலாற்றில் எவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதைக் காட்டினார். மலிந்த பொருள் அளவின்றி நுகரப்படும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். விளக்கைப் பொருத்துபவர் மின்கட்டணத்தை மட்டுமே செலுத்துகிறார். சன்னல் வழியே புகும் அந்த ஒளியால் அண்டை வீட்டார் இழக்கும் உறக்கம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பார்ப்பதற்கு மட்டுமே கண் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பொழுதை உடலுக்கு உணர்த்தும் தனிவகை உயிரணுக்களும் விழித்திரையில் உண்டு என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியானது. நீல நிற ஒளி இவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது. இவை அனுப்பும் செய்தியைக் கொண்டே மூளையில் உள்ள உயிர்க்கடிகாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரவில் நீலம் மிகுந்த வெண்ணொளி கண்ணில் பட்டால், உடலுக்கு இரவை அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு குறைகிறது, உறக்கம் தள்ளிப்போகிறது. உயிர்க்கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

திறந்தவெளியில் பகல் ஒளி 10,000 லக்ஸையும் எளிதில் தாண்டும். முழுநிலவின் ஒளியோ அரை லக்ஸ்கூட இல்லை. இந்தப் பெரும் வேறுபாட்டுக்குப் பழகிய உடல் நம்முடையது. காலை வெயில் மருந்தாவதும், அதே வெண்மை நள்ளிரவில் நஞ்சாவதும் இதனால்தான். உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. அரைவைப் பருவத்தில் இரவும் பகலும் இயங்கும் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட மாவட்டம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒளி கூடினால் பார்வை கூடும் என்பதும் முழு உண்மையன்று. கூசும் ஒளி கண்ணுக்குள் சிதறி, எதிரில் உள்ள பொருளை மங்கச் செய்கிறது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். முதுமையில் இன்னும் தாமதமாகும். அறுபதைக் கடந்த நான், உளுந்தூர்ப்பேட்டை - சேலம் சாலையில் இரவில் வாகனம் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். எதிரே வந்த வாகனத்தின் உயர்ஒளி கடந்த மறுகணம், பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டைகூட இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று சில அடி தூரத்தில்தான் என் கண்ணுக்குப் புலப்பட்டது. அன்று தப்பியது நல்வாய்ப்பு. அங்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரு விளக்குக் கம்பம் அன்று. தாழ்த்திய முகப்பு விளக்கும், சில ரூபாய் மதிப்புள்ள ஒளிர்பட்டையும்தான்.

தீர்வுகள் எளியவை. தெருவிளக்கின் நிறவெப்பம் 3,000 கெல்வினுக்கு மிகாமல், இளமஞ்சள் ஒளியாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. ஒளி வானத்துக்கும் வீட்டுக்குள்ளும் சிதறாமல், சாலையில் மட்டும் விழும்படி மறைப்பு பொருத்தலாம். நள்ளிரவுக்குப் பின் விளம்பரப் பலகைகளை அணைக்கலாம். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை ஒதுக்கி வைப்பது நம் கையில்தான் உள்ளது.

கல்வராயன் மலைக்கு ஒளி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பாம்பு நடமாடும் பாதைக்கும், பேருந்து நிறுத்தத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலைய வாயிலுக்கும், மாணவர் விடுதிக்கும் விளக்கு கட்டாயம் தேவை. அதை மறுப்பது அநீதி. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த மலை அது. வளர்ச்சி அங்கு தாமதமாகவே ஏறியது. தாமதமாகத் தொடங்குவோருக்கு ஒரு நன்மை உண்டு: முன்னே சென்றவர்களின் பிழைகளைத் தவிர்க்கலாம். மலைக்குச் செல்லும் ஒவ்வொரு புதிய விளக்கும் மறைப்புடன், இளமஞ்சள் ஒளியுடன், தேவையான இடத்தில் மட்டும் அமையட்டும். அங்குள்ள குழந்தைகளுக்குப் படிக்க விளக்கும் வேண்டும். உறங்க இருளும் வேண்டும்.