நரையும் பழுப்பும்

நரை என்பது மக்கள் யாவர்க்கும் ஒருநாள் வந்தெய்துவதொன்று. அதனை நம் முன்னோர் அஞ்சியதும் உண்டு, மதித்ததும் உண்டு. கம்பர் காட்டும் தயரத மன்னன் தன் காதருகே ஒரு மயிர் நரைத்த அளவிலே அரசினை மகனுக்கு அளிக்குங்காலம் வந்ததென்று துணிகின்றான். பிசிராந்தையாரோ, ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவினார்க்கு, நற்குணம் வாய்ந்த மனைவி மக்களையும், தம் கருத்துவழி நிற்கும் ஏவலாளரையும், முறை தவறாத அரசனையும், ஊர் நிறைந்த சான்றோரையும் காட்டி விடையிறுத்தனர். இந்நான்கும் ஒருங்கு வாய்க்கப்பெறாத நம்மனோர் நாடுவது சாயப்புட்டியே. நரைத்த மயிரைக் கன்னங்கரியதாக்காது, ஒருபடி வெளிறிய பழுப்பாக வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளுமாறு எங்ஙனம் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எம் நெய்வேலி நகரியத்தார்க்கு இப்பொருள் இருவகையால் உரித்து. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பார் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரொடு கரியதொரு பொருளும் வெளிப்பட்டது. அதன் பயனாக 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. 1957-இல் சுரங்கப்பணி தொடங்கிற்று. 1961-இல் நிலக்கரி முகங்காட்டிற்று. அந்நாளில் பல மாவட்டங்களினின்றும் இளைஞராய் இங்கு வந்து குடியேறியோர் நரைத்து ஓய்வு பெற்றனர். அவர்தம் மக்களும் இப்பொழுது நரைக்கத் தலைப்பட்டனர். இஃது ஒன்று. மற்றொன்று, இக்காலத்துத் தலைமயிர்ச் சாயம் நிலக்கரியின் வழிவந்ததென்பது.

அது வருமாறு: நிலக்கரியைக் காற்றுப்புகாது சுடுங்கால் தார் வடியும். 1856-இல் இலண்டன் மாநகரில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், விடுமுறை நாளில் தம் இல்லத்தே, தாரிலிருந்து கிடைக்கும் அனிலீனைக் கொண்டு குளிர்சுரத்திற்குரிய கொய்னாவை ஆக்க முயன்றார். கொய்னா கிடைத்திலது; ஊதாச்சாயம் கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழிலுக்கு அதுவே வித்தாயிற்று. அவர்தம் ஆசிரியராகிய ஹாப்மன் 1863-இல் பாரா-பினிலீன் டையமைன் என்னும் பொருளின் இயல்பை ஆராய்ந்து கூறினார். 1907-இல் பிரெஞ்சு நாட்டு யூஜீன் ஷுவெல்லர் இத்தகைய பொருள்களைக்கொண்டு தலைமயிர்ச் சாயம் செய்து விற்கத் தொடங்கினார். அவர் நிறுவிய கழகமே இன்றைய லோரியல். நம் கடைத்தெருவில் விற்கும் கருஞ்சாயங்களுட் பெரும்பாலனவற்றில் இந்த டையமைன் இன்றும் உளது.

இனி, மயிர் நரைப்பது ஏன்? மயிரின் வேரிலே மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கும் நுண்ணறைகள் உள்ளன. அவை தம் தொழிலை ஓய்ந்தபின் முளைக்கும் மயிர் நிறமின்றி வெளுத்தே வளரும். ஆதலின் நரை என்பது வெள்ளைச் சாயம் ஏறுவதன்று. நிறம் இன்மையே ஆம். எழுதப்படாத தாள்போல அஃது எந்நிறத்தையும் ஏற்கும். புட்டிச் சாயத்தில் அம்மோனியா மயிரின் மேற்செதில்களைத் திறக்கும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு உட்புகுந்த டையமைனொடு கூடி நிறத்தை விளைக்கும். விளைந்த நிறம் பருத்துப்போதலின் எளிதில் வெளியேறாது நிற்கும்.

கருமையை விடுத்துப் பழுப்பை நாடுவது எற்றுக்கு எனின், கூறுவாம். மயிர் திங்கள்தோறும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கருஞ்சாயம் பூசிய தலையில் இரண்டு மூன்று வாரத்திலே வகிட்டின் இருமருங்கும் வெண்கோடு ஒன்று தோன்றி, மறைத்ததனை ஊரறியப் பறையறையும். இளம்பழுப்பிலோ வெண்மைக்கும் சாயத்திற்கும் இடையேயுள்ள வேற்றுமை சிறிதாதலின் அக்கோடு அத்துணை விளங்கித் தோன்றாது. சாயமிடும் முறையும் அருகும். அன்றியும், நிறம் கறுக்கக் கறுக்க டையமைனின் அளவு பெரும்பாலும் மிகும். எனினும் இளநிறம் தீங்கற்றது என்று கருதற்க. டையமைன் ஒவ்வாதவர்க்குச் சிறிதளவும் தீங்கே.

ஈண்டுப் பலரும் அறியாததொன்று உண்டு. சாயத்தைச் சாயம் வெளுக்காது. பல்லாண்டு கருஞ்சாயம் பூசியவர் அதன்மேல் இளம்பழுப்பைத் தடவினால், வேரிலுள்ள வெண்மயிர் மட்டுமே பழுப்பாகும். எஞ்சியது கருமையாகவே நிற்கும். அன்னார் மயிரைக் குறைத்துக்கொண்டு, வளர்வதற்கு மட்டும் புதுநிறம் இட்டு வருதலே நேரிய வழி. வெளுக்கும் மருந்தை வீட்டில் கையாளுதல் தகாது. உலோக உப்புச் சேர்ந்த சாயம் முன்னரே பூசியிருப்பின், அதன்மேல் வெளுப்பு மருந்து படுங்கால் சூடேறி மயிர் முறிந்து உதிரும்.

புட்டியை நாடாதார்க்கு நம் நாட்டு மருதாணியும் அவுரியும் உள. மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் பொருள் மயிரின் புரதத்தொடு பிணைந்து செந்நிறம் தரும். வெண்மயிரில் அது செம்பு போலத் தோன்றும். அவுரியோ நீலம் தருவது. எம் மாவட்டத்தை உட்கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு, ஆங்கிலேயர் காலத்தில் அவுரி விளைவிற்குப் பெயர் பெற்றிருந்தது. 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியபின் அத்தொழில் நலிந்தது. செம்மையும் நீலமும் கலப்பின் பழுப்பு. மருதாணிப் பொடி இரண்டு பங்கும் அவுரிப் பொடி ஒரு பங்கும் சேரின் செம்பழுப்பு. இரண்டும் ஒத்த அளவாயின் நடுத்தரப் பழுப்பு. மருதாணியை முதலிலும் அவுரியைப் பின்னரும் தனித்தனியே இடின் கருமை.

செய்முறை எளிதே. மருதாணிப் பொடியை எலுமிச்சைச் சாறு சிறிது கலந்த வெந்நீரில் குழைத்து இரவு முழுதும் ஊறவைக்க. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கச் செய்யுமாதலின், வெளிறிய நிறம் வேண்டுவோர் மண்கலமோ கண்ணாடிக் கலமோ கொள்க. செம்மை மிகையெனத் தோன்றின் நெல்லிக்காய்ப் பொடி சிறிது சேர்க்கலாம். அவுரியை ஊறவைத்தல் கூடாது. வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால்மணி நேரத்தில் மருதாணியொடு கலந்து, எண்ணெய்ப் பசையின்றிக் கழுவிய தலையில் உடனே பூசுக. இரண்டு மணி நேரம் கழித்து வெறுநீரால் அலசுக. ஒருநாள் சீயக்காயும் சோப்பும் வேண்டா. முதல்நாள் தோன்றும் நிறம் இரண்டு நாளில் ஆழ்ந்து நிலைபெறும். சீப்பில் வந்த நரைமயிர் சிலவற்றில் முதலில் இட்டுப் பார்த்தால் நிறம் முன்னரே விளங்கும்.

புட்டிச் சாயமே வேண்டுவோர் பெட்டியின்மேலுள்ள எண்ணை நோக்குக. பொதுவாக 1 கருமை, 3 அடர்பழுப்பு, 4 பழுப்பு, 5 இளம்பழுப்பு. பூசுதற்கு 48 மணி நேரம் முன்னர்க் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது தடவிப் பார்க்க. அரிப்பேனும் தடிப்பேனும் தோன்றின் அச்சாயத்தை அறவே ஒழிக்க. பல்லாண்டு தீங்கின்றிப் பூசியவர்க்கும் ஒருநாள் ஒவ்வாமை தோன்றலாம். தோன்றியபின் ஒவ்வொரு முறையும் அது மிகும். காதுமடல் வீங்கியும் அதன் காரணம் உணராது மறுதிங்களும் அதனையே பூசுவார் உளர்; அவர்க்கு இதனை எடுத்துரைத்தல் கற்றோர் கடன். புருவத்திற்கும் இமைக்கும் ஒருபோதும் இடற்க. 1933-இல் அமெரிக்க நாட்டில் இமைச்சாயம் ஒன்றால் மகளிர் கண்ணிழந்தனர். 1938-இல் ஆங்குப் புதுச்சட்டம் எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

‘கருமருதாணி’ என்று விற்பதனை நம்புதல் வேண்டா. மருதாணி தானே கறுப்பதன்று; சிறுபொழுதில் கறுக்குமாயின் அதனுள் டையமைன் கலந்திருத்தல் கூடும். இச்சாயம் வயிற்றினுட் சென்றால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். பின்னர்ச் சிறுநீரகமும் பழுதுறும். ஆதலின் சிறுவர் கைக்கு எட்டாதவாறு பூட்டி வைக்க. தப்பித்தவறி உட்சென்றால் வீட்டு மருந்தில் பொழுது போக்காது மருத்துவமனைக்கு விரைக.

எம் ஊர் நிலக்கரியைப் பழுப்பு நிலக்கரி என்றே வழங்குகின்றோம். முற்றக் கறுக்காத அக்கரியே ஊர்தோறும் விளக்கேற்றுகின்றது. தலையும் முற்றக் கறுத்தே தீரவேண்டும் என்னும் நியதி இல்லை. நரையைக் காப்பார் காக்க, மறைப்பார் மறைக்க. மறைப்பார், அதன்பொருட்டுத் தம் தோலையும் கண்ணையும் விலையாகக் கொடாதிருத்தலே யாம் வேண்டுவது.