மீன் குளத்தில் மோரும் தீனியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனக்புரி மீன்கடைக்குச் செல்லும் நம்மவருள் சிலர், அங்கே பரப்பியிருக்கும் ரோகுவும் கட்லாவும் யமுனை மீன்களோ என வினவுவதுண்டு. அல்ல, பெரும்பாலும் அவை குளங்களில் தீனியிட்டு வளர்க்கப்பட்டவையே. நெருங்கி வாழும் உயிர்களிடையே நோய் விரைந்து பரவும். நோய் கண்டால் உயிர்க்கொல்லி மருந்தைத் தீனியில் கலப்பதும் நீரில் கொட்டுவதும் பல நாடுகளில் வழக்கமாயிருந்தன. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. அவை குளக்கரையோடு நின்றுவிடுவன அல்ல. நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதும் எதிர்ப்படக் கூடியவை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் முதலிய மருந்துகளை நம் நாட்டு இறால் பண்ணைகளில் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டுள்ளது.

இதற்கு மாற்றாக வந்தவை புரோபயாட்டிக், பிரிபயாட்டிக் என்பன. இவற்றிற்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவது மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கே எளிதாக இல்லை. முன்னதை நலநுண்ணுயிர் என்றும், பின்னதை அதன் தீனி என்றும் கொள்வோம். மோரிலும் பழைய சோற்றிலும் உள்ள நுண்ணுயிர்களை நாம் அறிவோம். மீனுக்கும் அத்தகைய துணை உண்டு. பேசில்லஸ் இனத்து நுண்ணுயிர்கள் குடலில் இடத்தையும் உணவையும் தாமே பற்றிக்கொண்டு, தீய கிருமிகளுக்கு இடமின்றிச் செய்கின்றன, செரிமானத்துக்கும் உதவுகின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின், ஈஸ்ட்டின் மேலுறையிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பொருள் ஆகியவை மீனுக்குச் செரிக்காமல் அந்நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன.

நமக்கும் மீனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மீன் வாழும் நீரே அதன் வாயிலும் செவுளிலும் ஓயாது புகுந்து வெளிவருகிறது. ஆகவே குளத்து நீரைச் சீர்செய்யாமல் குடலை மட்டும் காப்பது இயலாது. நலநுண்ணுயிரை நீரிலும் தூவுவதற்குக் காரணம் இதுவே. அடியில் தங்கும் மிச்சத் தீனியையும் கழிவையும் அது சிதைக்கிறது. அவ்வேலைக்கு அதற்கும் பிராணவாயு வேண்டும். காற்றூட்டும் பொறியை நிறுத்திவிட்டு அளவுக்கு மீறித் தூவினால், விடியுமுன் மீன்கள் மூச்சுக்காக நீரின் மேற்பரப்புக்கு வந்து தவிக்கும்.

இது சர்வரோக நிவாரணி அன்று. 1990-களில் நம் கரையோர இறால் பண்ணைகளை அழித்த வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. அதைத் தீர்க்கும் பொடி எதுவும் இல்லை. இருப்பினும் அவ்வாறே சொல்லி விற்பவர் உளர். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், இத்தகைய பொருள்களில் தடைசெய்த மருந்து கலந்திலதா என்று பார்த்துப் பதிவு செய்கிறது. கலப்பில்லை என்பதற்கு அப்பதிவு சான்று. பலன் தரும் என்பதற்குச் சான்றன்று. ஊரில் குளம் வைத்திருக்கும் உறவினர் பொடிப் பொட்டலத்தை வாங்குமுன் நம்மிடம் கேட்டால், இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லலாம்.