எல்லை தடையன்று

சென்னையிலிருந்து தில்லிக்குத் தனியே செல்லும் பெண்ணொருத்தி, நள்ளிரவில் தொடர்வண்டியில் துன்புறுத்தப்படுகிறாள் எனக் கொள்வோம். அவள் புகாரளிக்க இறங்குவதற்குள் வண்டி சில மாவட்டங்களைக் கடந்துவிடும். ‘குற்றம் எங்கள் எல்லையில் நிகழவில்லை’ எனக் காவல் நிலையம் கைவிரித்தால், ஊரும் மொழியும் அறியாத அவள் எங்குச் செல்வாள்?

இந்நிலையை மாற்றவே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்னும் முறை வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையமும் புகாரை ஏற்க வேண்டும். வரிசை எண்ணுக்கு மாறாகச் சுழியம் இட்டுப் பதிந்து, உரிய நிலையத்திற்கு அனுப்புவது அதன் பொறுப்பு. அலைவது அவள் பொறுப்பன்று. அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறலாம். பாலியல் குற்றமாயின் பெண் அலுவலரே பதிய வேண்டும். ‘தனியே ஏன் வந்தாய்?’ என்னும் வினா சட்டத்தில் எங்கும் இல்லை.

வண்டியிலிருந்தே 139 என்னும் எண்ணை அழைக்கலாம், நகரத்தில் 112. பெட்டி எண், இருக்கை எண், கடைசியாகக் கடந்த நிலையம், நேரம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்வது நன்று. நடுக்கத்தில் இவையே முதலில் மறக்கும். நிலையம் பதிய மறுத்தால், புகாரை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அவரும் வாளாவிருப்பின் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம்.